கண்ணும் கருத்தும்

நுழையும்முன்

மனத்தை ஒரு செயலில் நிறுத்துவது எல்லார்க்கும் ஒரே அளவில் எளிதன்று. சிலர்க்கு அமைதியான அறை துணைசெய்கிறது. வேறு சிலர்க்கு அதே அமைதி பகையாகிறது. கவனம் சிதறுவோரைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவர் என்றும் பழிப்பது பழகிப்போன வழக்கம். அப்பழிச்சொல்லுக்குப் பின்னால் மூளையின் இயல்பு ஒன்று மறைந்திருக்கக்கூடும். தொடுதல், கேட்டல், அசைதல் முதலிய புலன் அனுபவங்கள் அத்தகையோரின் கவனத்திற்கு ஊன்றுகோலாவது எவ்வாறு என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மனம் ஊன்றும் இடம்

உயிர்களை அவற்றின் அறிவால் ஆறு வகையாகப் பகுத்துக் காட்டியது தொல்காப்பியம். தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர். அதனோடு சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒவ்வொன்றாகச் சேர, ஐயறிவுயிர் வரை அவ்வரிசை வளர்கிறது. ஆறாவதாக மனம் வைக்கப்படுகிறது. இவ்வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. மனம் ஐம்புலன்களை விட்டு விலகித் தனித்து நிற்பதன்று; அவற்றின் மேல் எழுந்து நிற்பது. வீட்டிற்கு அடித்தளம் போல அதற்குத் தொடுவுணர்வும் பிற புலன்களும் அமைகின்றன.

தமிழரின் பேச்சு வழக்கும் இவ்வுண்மையைக் காட்டுகிறது. ஒருவரைக் கவனிக்கச் சொல்லும்போது ‘காது கொடுத்துக் கேள்’ என்கிறோம். ‘கண்ணும் கருத்துமாகப் படி’ என்கிறோம். ‘மனம் ஊன்றிச் செய்’ என்கிறோம். ஊன்றுதல் காலும் கோலும் செய்யும் வேலை. மனம் ஊன்றுவதற்கும் ஏதேனும் ஒரு தரை வேண்டும் என்பதை இத்தொடர் சொல்லாமல் சொல்கிறது.

எனினும், படிப்பு என்றதும் அசையாத உடல், மூடிய கதவு, ஓசையற்ற அறை ஆகியனவே பலர் நினைவுக்கு வருகின்றன. புலன்களை அடைத்தால்தான் மனம் ஒருமுகப்படும் என்பது பரவலான நம்பிக்கை. பலர்க்கு அது பொருந்துவதும் உண்மையே. ஆனால், எல்லார்க்கும் அது பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஓசைகளின் நடுவே

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டித் தடத்தில் மாம்பலம் நிலையம் உள்ளது. நிலையத்திற்குக் கிழக்கே தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு. மேற்கே மேற்கு மாம்பலம். மறைந்துபோன ஏரியின் நினைவைப் பெயரில் தாங்கி நிற்கும் லேக் வியூ சாலை இங்குதான் உள்ளது. அடுத்தடுத்துக் கடக்கும் தொடர்வண்டிகள், துரைசாமி சுரங்கப்பாதையில் நெருங்கும் ஊர்திகளின் ஒலிப்பான்கள், கோயில் மணியோசை, தெருவில் காய்கறி விற்போரின் கூவல், ஆரிய கௌடா சாலையிலுள்ள அயோத்தியா மண்டபத்தின் பாட்டும் சொற்பொழிவும் என ஓசைகள் இப்பகுதியில் ஓய்வதில்லை.

இருப்புப்பாதையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் முப்பது வயதுப் பெண் ஒருவரை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவர் ஒரு நிறுவனத்தில் கணக்கர். பட்டயக் கணக்கர் தேர்வுக்கும் படிக்கிறார். மாத இறுதியில் வேலை நெருக்கும்போது, பிறரைவிட விரைவாகக் கணக்கை முடித்துவிடுகிறார். நெருக்கடி இல்லாத நாளில் அரைமணி நேரத்தில் ஒரு பக்கத்தையும் அவரால் படித்து முடிக்க இயலவில்லை. மின்கட்டணம் செலுத்த மறக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறார். சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் படிக்க அமர்ந்தால், மனம் முன்னிலும் விரைந்து ஓடுகிறது. “புத்திசாலிப் பொண்ணுதான், அக்கறைதான் இல்ல” என்று வீட்டார் வருந்துகின்றனர். பள்ளி நாள்முதல் இதையே கேட்டுக் கேட்டு, அவரும் அதனை நம்பத் தொடங்கிவிட்டார். இவர் கற்பனை மாந்தர். இவருடைய நிலையோ கற்பனையன்று.

கவனச்சிதறல் குணக்கேடா?

இத்தகைய நிலை சிறுவயதுமுதல் தொடர்ந்து, வாழ்வின் பல துறைகளையும் பாதிக்கும்போது, மருத்துவர்கள் அதனைக் ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்னும் கோணத்தில் ஆராய்கின்றனர். ‘ஏ.டி.எச்.டி.’ என்னும் சுருக்கப் பெயரே மக்களிடையே மிகுதியாக வழங்குகிறது. பெயர் புதிது, நிலை பழையது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், ஒரு பொருளில் கவனத்தை நிறுத்த இயலாத நிலையைத் தம் நூலில் 1798ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902ஆம் ஆண்டில் இலண்டனில் ஆற்றிய உரைகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசினார். இன்று வழங்கும் பெயர், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1987ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

இது குழந்தைகளுக்கே உரியது, வளர்ந்தால் தானே மறைந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் அக்கருத்து மாறியது. குழந்தைப் பருவத்தில் ஓட்டமும் துள்ளலுமாக இருந்தது, வளர்ந்தபின் உள்ளத்தின் அமைதியின்மையாக உருமாறுகிறது. கால் ஓடுவது நின்று மனம் ஓடத் தொடங்குகிறது. உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புகளின்படி, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் அல்லது மூவரிடம் இந்நிலை காணப்படுகிறது. பெண்குழந்தைகள் பலரிடம் துள்ளல் குறைவாகவும் கவனச்சிதறல் மிகுதியாகவும் இருப்பதால், அவர்கள் பள்ளிப்பருவத்தில் யார் கண்ணிலும் படாமல் போவதுண்டு. வகுப்பில் தொல்லை கொடுக்காத குழந்தைக்கும் தொல்லை இருக்கலாம் என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நிலை பெரும்பாலும் மரபணுக்களின் வழிப்பட்டது. திட்டமிடுதல், காத்திருத்தல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றில் பங்குபெறும் மூளைப் பகுதிகளின் இயக்கத்தோடும், டோப்பமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் செயற்பாட்டோடும் இது தொடர்புடையது. பெற்றோரின் வளர்ப்புக் குறையன்று, ஒழுக்கக் குறையுமன்று. இன்னொரு தெளிவும் தேவை. இவர்களிடம் கவனமே இல்லை என்பது பிழை. விருப்பமோ நெருக்கடியோ இருக்கும்போது மணிக்கணக்கில் ஒன்றிலேயே ஆழ்ந்துவிடுவோர் இவர்களுள் பலர். குதிரை வலியதே, கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. மாத இறுதியில் விரைந்து கணக்கு முடிக்கும் அந்தப் பெண், மற்ற நாளில் ஒரு பக்கத்தில் தடுமாறுவது இதனால்தான்.

தெரிந்து தெளிவோம்

பொறி வேறு, புலன் வேறு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்பன ஐம்பொறிகள். அவற்றின் வழியே பெறப்படும் ஊறு, சுவை, ஒளி, நாற்றம், ஓசை என்பன ஐம்புலன்கள். இவற்றோடு, உடலின் அசைவையும் நிலையையும் உணரும் உணர்வுகளையும் இன்றைய அறிவியல் தனியே வகைப்படுத்துகிறது.

நரம்பும் முறுக்கும்

யாழின் நரம்பு தளர்ந்திருந்தால் இசை பிறக்காது. அளவுக்கு மீறி முறுக்கினால் அறுந்துபோகும். மனத்தின் நிலையும் இதுவே. விழிப்பும் தூண்டலும் ஓரளவு வரை கூடக்கூடச் செயல்திறன் கூடும்; அவ்வளவைக் கடந்தால் குறையும். அமெரிக்க உளவியலாளர்களான யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இருவரும் 1908ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து இக்கருத்து வளர்ந்தது.

ஏ.டி.எச்.டி. உடையோரின் நிலையை இதன் துணையால் விளக்குவோர் உண்டு. சுவையற்ற, ஒரே மாதிரியான வேலையில் அவர்களின் மூளைக்குப் போதிய தூண்டல் கிடைப்பதில்லை. பசித்தவன் உணவு தேடுவதுபோல, அது தூண்டலைத் தேடி அலைகிறது. கைப்பேசி, சன்னல், அலமாரி, பழைய நினைவு என எது கிடைத்தாலும் அதனைப் பற்றிக்கொள்கிறது. முழு அமைதி அப்பசியைத் தணிப்பதில்லை, மிகுவிக்கவே செய்கிறது. அளவான புலன்தூண்டல் ஒன்றை அருகிலேயே கொடுத்துவிட்டால், மனம் வெளியே அலைய வேண்டிய தேவை குறைகிறது. புலன் அனுபவத்தைக் கவனத்தின் பகையாகக் கருதாமல், துணையாகக் கொள்வதற்கு இதுவே அடிப்படை.

விரல்வழிக் கல்வி

இக்கருத்து சென்னைக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் தமிழ்க் குழந்தைகள் மணலில் விரலால் எழுதி, எழுதிய எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக் கற்றனர். விரல் மணலை உணர, கண் வடிவத்தைக் காண, வாய் ஒலியை எழுப்ப, செவி அதனையே கேட்டது. ஓர் எழுத்து நான்கு வழிகளில் உள்ளே சென்றது.

எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்ற ஸ்காட்லாந்தியர் ஆண்ட்ரு பெல், ‘மலபார் பள்ளி’ ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்தில் ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே குறிப்பிட்டனர். பெல் அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. திண்ணையின் மணல் கடல் கடந்து சென்றது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், வேறொரு வழியில் அதே கருத்து சென்னைக்கு வந்தது. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, அவற்றைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும் முறையை வகுத்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டில் அவர் அடையாறு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கை அறிந்ததை மனம் மறக்காது என்பது இவ்விரு முறைகளுக்கும் பொதுவான உட்கருத்து.

பாடும் குரலும் எண்ணும் கையும்

கருநாடக இசை கற்போர் கையால் தாளமிடுவதும் இத்தகையதே. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்தில், ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், அடுத்து இருமுறை தட்டும் வீச்சும் வருகின்றன. குரல் பாட்டைச் சுமக்க, கை காலத்தைச் சுமக்கிறது. அயோத்தியா மண்டபம் போன்ற அரங்குகளில் கச்சேரி கேட்போரின் கைகளும் தொடைமேல் தாளமிடுவதைக் காணலாம். அது வெறும் பழக்கமன்று. கை தாளத்தில் இருக்கும்வரை செவி பாட்டை விட்டு விலகுவதில்லை.

ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்துவது சதாவதானம். இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் இக்கலையை நிகழ்த்திச் ‘சதாவதானி’ எனப் போற்றப்பட்டார். அவதான அரங்குகளில் ஒருவர் அவதானியின் முதுகில் சிறு கற்களையோ மலர்களையோ எறிவார், இன்னொருவர் மணியடிப்பார், வேறொருவர் ஈற்றடி கொடுத்துச் செய்யுள் கேட்பார். கல்லின் எண்ணிக்கையை மெய்யும், மணியோசையைச் செவியும், செய்யுளை மனமும் ஏற்கின்றன. அவதானியின் ஆற்றல் அரிது, அனைவர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், அக்கலை ஒரு பொதுவுண்மையைக் காட்டுகிறது. வெவ்வேறு வாயில்களின் வழியே வருவன ஒன்றையொன்று மோதுவது குறைவு. ஒரே வாயிலில் இரண்டு நுழைய முயலும்போதுதான் நெருக்கடி மிகுகிறது.

தெரிந்து தெளிவோம்

விரலால் மணியை உருட்டி மனத்தை நிறுத்தும் முறை பல சமயத்தாரிடமும் உண்டு. உருத்திராக்க மாலையில் பெரும்பாலும் 108 மணிகளும், இசுலாமியரின் தஸ்பீஹ் மாலையில் 33 அல்லது 99 மணிகளும், கத்தோலிக்கக் கிறித்தவரின் செபமாலையில் பொதுவாக 59 மணிகளும் உள்ளன. விரல் நகரும்போது மனம் தன் இடத்தை அறிந்துகொள்கிறது.

ஆய்வுகள் காட்டுவன

மரபு உணர்ந்திருந்ததை இன்றைய ஆய்வாளர்கள் அளந்து பார்க்க முயல்கின்றனர்.

முதலாவது, ஓசை. ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சலை ‘வெள்ளை இரைச்சல்’ என்பர். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவ்விரைச்சலின் நடுவே ஏ.டி.எச்.டி. உடைய குழந்தைகளின் நினைவுத்திறன் கூடியது. அந்நிலை இல்லாத குழந்தைகளின் திறன் குறைந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2024ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடும் இதே போக்கை உறுதிசெய்தது. ஆனால், நன்மையின் அளவு சிறிதே என்றும் அது தெரிவித்தது. ஒருவர்க்கு மருந்தாவது இன்னொருவர்க்குத் தடையாகலாம் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

இரண்டாவது, அசைவு. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நினைவைச் சோதிக்கும் பணிகளின்போது, ஏ.டி.எச்.டி. உடைய சிறுவர்கள் மிகுதியாக அசைந்த வேளைகளில் நன்றாகச் செய்தனர். மற்றச் சிறுவர்களிடம் இது நேர்மாறாக இருந்தது. ‘ஆடாமல் அசையாமல் உட்கார்’ என்னும் கட்டளை, சில குழந்தைகளின் கவனத்தையே பறித்துவிடக்கூடும்.

மூன்றாவது, கை. இங்கிலாந்தின் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ராடே 2009ஆம் ஆண்டில் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கச் செய்தார். அவருள் பாதிப்பேர் தாளில் உள்ள வடிவங்களைக் கோடிட்டு நிரப்பிக்கொண்டே கேட்டனர். அவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு மிகுதியாகச் செய்தியை நினைவுகூர்ந்தனர். இவ்வாய்வு ஏ.டி.எச்.டி. உடையோரை மட்டும் கொண்டு செய்யப்பட்டதன்று; கைக்கும் கவனத்திற்கும் உள்ள உறவைப் பொதுவாகக் காட்டுவது. அதே வேளையில், விரலில் சுழலும் சுழலிப் பொம்மை கவனத்தைக் கெடுத்தது என்று காட்டிய ஆய்வும் உண்டு. சுழல்வதைக் காணக் கண் ஓடுகிறது. படிக்க வேண்டிய கண்ணை அது பறித்துக்கொள்கிறது. கைக்கு வேலை கொடுப்பது துணை. கண்ணைக் கவர்வது தடை.

புலன்களைத் துணைகொள்ளும் முறை

இவற்றிலிருந்து எளிய நெறி ஒன்று பிறக்கிறது. வேலை எந்த வாயிலில் நடக்கிறதோ அதனைக் காலியாக விட வேண்டும்; துணையை வேறு வாயிலின் வழியே அழைக்க வேண்டும். படிப்பது மொழியின் வேலை. எனவே, படிக்கும்போது சொற்கள் நிறைந்த பாட்டு இடையூறாகும்; சொல்லற்ற இசையோ மழையோசையோ துணையாகலாம். சொற்பொழிவு கேட்பது செவியின் வேலை. அப்போது கை கோலப்புள்ளிகளை இணைத்துக்கொண்டிருக்கலாம்.

மேற்கு மாம்பலத்துப் பெண் இந்நெறியைத் தம் வாழ்வில் எவ்வாறு கைக்கொள்ளலாம்? படிக்க அமருமுன் லேக் வியூ சாலை வழியே இருபது நிமிடம் விரைந்து நடந்து வரலாம். உடற்பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் கவனம் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மின்விசிறியை நிறுத்த வேண்டியதில்லை. அதன் சீரான ஓசை திடீர் ஓசைகளைத் தணிக்கும் திரையாகலாம். கடினமான பத்தியை நின்றுகொண்டே வாய்விட்டுப் படிக்கலாம். வரியின் கீழ் விரல் வைத்துப் படித்தால் கண் வழிதவறாது. இடக்கையில் ஒரு புளியங்கொட்டையையோ கூழாங்கல்லையோ உருட்டிக்கொண்டிருக்கலாம். மிளகையோ கிராம்பையோ வாயில் அடக்கிக்கொள்வதால் சோர்வு நீங்குவதாகச் சிலர் உணர்வதுண்டு. அதுவும் முயன்று பார்க்கத்தக்கதே. செய்ய வேண்டிய வேலைகளை மனத்தில் சுமக்காமல், கண்ணில் படும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். பால் காயும்வரை கையில் கரண்டியைப் பிடித்திருந்தால், அலமாரியை நோக்கிச் செல்லும் கால் பாதி வழியில் நின்றுவிடும்.

தொடர்வண்டியின் ஓசையை அவரால் நிறுத்த முடியாது, பயன்படுத்த முடியும். ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும், ‘இப்போது மனம் எங்கே இருக்கிறது?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்தால் தொடரலாம். விலகியிருந்தால், தம்மை நொந்துகொள்ளாமல் மீண்டும் அவ்வரிக்கே திரும்பலாம். இதுவரை இடையூறாக இருந்த ஓசை, அவதானியின் அரங்கில் ஒலிக்கும் மணியாக மாறிவிடுகிறது.

எல்லை அறிதல்

புலன்துணை எல்லார்க்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. ஏ.டி.எச்.டி. உடையோருள் சிலர் ஓசைக்கும் ஒளிக்கும் உடையின் உரசலுக்கும் மிகுதியாகத் துன்புறுவர். அவர்கள் தூண்டலைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். காலையில் துணையானது மாலையில் தொல்லையாகலாம். நேற்றுப் பயன்பட்டது இன்று சலிக்கலாம். ஆகவே, ஒவ்வொரு முறையையும் சில நாள் செய்து பார்த்து, எவ்வளவு படிக்க முடிந்தது என்பதைக் குறித்துவைத்து முடிவெடுப்பதே அறிவுடைமை. காதொலிப்பானைப் பயன்படுத்துவோர் ஒலியளவில் விழிப்பாக இருத்தல் வேண்டும். 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்தை வளர்ந்தோருக்கான எல்லையாக உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

இவையனைத்தும் துணைமுறைகளே, மருத்துவத்திற்கு மாற்று அல்ல. கவனச்சிதறலுக்குத் தூக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டுக் கோளாறு எனப் பிற காரணங்களும் இருக்கலாம். ஆதலால், படித்தவற்றைக் கொண்டு தனக்குத்தானே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்வது தவறு. 2013ஆம் ஆண்டின் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் போன்ற சூழல்களுள் இரண்டிலேனும் காணப்படுதல் வேண்டும். இதனை உறுதிசெய்ய வேண்டியவர் பயிற்சி பெற்ற மருத்துவரே. தேவைப்படுவோர்க்கு மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் நல்ல பயன் தருகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் மருத்துவரை அணுகலாம். 2022ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் திட்டத்தின் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பழிச்சொல்லுக்கு மாற்று

கண்பார்வை குறைந்தவர்க்குக் கண்ணாடி தருகிறோம். ‘இன்னும் முயன்று பார்’ என்று கடிந்துகொள்வதில்லை. கவனம் தளர்ந்தவரிடம் மட்டும் முயற்சி போதவில்லை என்கிறோம். அவரோ, பிறர் எளிதில் செய்வதற்கு இருமடங்கு முயன்று களைத்திருப்பார். ஆண்டுக்கணக்கில் கேட்ட பழிச்சொல், இறுதியில் அவருடைய சொந்தக் குரலாகவே மாறிவிடுகிறது. கவனக்குறைவைவிட அக்குரல் செய்யும் கேடு பெரிது.

வகுப்பில் காலை ஆட்டிக்கொண்டே பாடம் கேட்கும் மாணவர், கூட்டத்தில் தாளின் ஓரத்தில் கோடு கிழிக்கும் அலுவலர், நடந்துகொண்டே மனப்பாடம் செய்யும் தங்கை ஆகியோர் மரியாதை தெரியாதவர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவர்கள் தம் மனத்தை ஊன்றுவதற்கு ஓர் இடம் தேடுகிறார்கள். அந்த இடத்தைக் கண்டுகொள்ள உதவுவதே கற்பிப்போரும் உடன் வாழ்வோரும் செய்யத்தக்க உதவி. மணலில் விரல் வைத்து எழுத்தறிந்த மண்ணில், இவ்வுண்மையைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மீண்டும் நினைத்துப் பார்த்தாலே போதும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரே நீளமுள்ள மூன்று உரைநடைப் பகுதிகளை, அமைதியான அறையில் அமர்ந்தும், சீரான ஓசையின் நடுவிலும், நடந்துகொண்டும் படித்துப் பாருங்கள். எம்முறையில் மிகுதியாக நினைவில் நின்றது என்பதைக் குறித்து, வகுப்புத் தோழர்களின் முடிவோடு ஒப்பிடுங்கள்.

2. ‘காது கொடுத்தல்’, ‘மனம் ஊன்றுதல்’ போன்று, கவனத்தை உடலுறுப்போடும் புலனோடும் இணைத்துக் கூறும் பத்து வழக்குகளை உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து தொகுத்து எழுதுங்கள்.

3. கோலம், தாளம், மாலை முடைதல், பல்லாங்குழி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது எவ்வெப்புலன்களைப் பயன்படுத்துகிறது என்பதை வகுப்பறையில் விளக்குங்கள்.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. தொல்காப்பிய வரிசையில் ஆறாவது அறிவாக அமைவது
அ) செவி ஆ) கண் இ) மனம் ஈ) மெய்

2. ஆண்ட்ரு பெல் தமிழ்க் குழந்தைகளிடம் கண்ட முறை
அ) பனையோலையில் எழுதுதல் ஆ) மணலில் விரலால் எழுதுதல் இ) பலகையில் எழுதுதல் ஈ) தாளில் எழுதுதல்

குறுவினா

1. ஐம்பொறி, ஐம்புலன் – வேறுபடுத்துக.

2. சுழலிப் பொம்மை கவனத்திற்குத் தடையாவது ஏன்?

சிறுவினா

1. ‘குதிரை வலியதே, கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது’ – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

2. வேலை நடக்கும் வாயில், துணை வரும் வாயில் குறித்த நெறியை இரு சான்றுகளால் நிறுவுக.

நெடுவினா

‘கவனச்சிதறல் குணக்கேடன்று’ என்னும் கருத்தை, மரபுச் செய்திகளையும் ஆய்வுச் செய்திகளையும் கொண்டு கட்டுரையாக எழுதுக.